சியாங் மாய்: கண்ணை மூடவைக்கும் சின்னக் கடைகள்

தாய்லாந்தின் வடக்கே, 1296-ல் மன்னர் மங்ராய் உருவாக்கிய நகரம் சியாங் மாய். சதுரமான அகழிக்குள் இருக்கும் பழைய நகரத்தில், புத்தர் கோயில்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுபவை மசாஜ் கடைகள்தான். பலவும் நம்மூர் மளிகைக் கடை அளவே இருக்கும். ஆனால், உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் தெருவே மறந்துபோகும். எப்படி?

முதல் வேலை வாசலிலேயே தொடங்குகிறது. செருப்பைக் கழற்றியதும் உட்காரவைத்து, வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவிவிடுகிறார்கள். அவசரமாக வந்தவரும் அதற்குள் நிதானத்துக்கு வந்துவிடுவார்.

உள்ளே கட்டில் கிடையாது. பாரம்பரிய தாய் மசாஜ் தரையில், தளர்வான உடையோடு, எண்ணெய் இல்லாமல் செய்யப்படுவது. கை மட்டுமல்ல; முழங்கை, முழங்கால், பாதம் என எல்லாவற்றாலும் அழுத்துவார்கள். அதனால் அதிகம் அமுங்காத கெட்டி மெத்தை வேண்டும். சுற்றிலும் அவர்கள் நகர்ந்து வர இடமும் வேண்டும். சுவர் எழுப்பினால் சின்ன அறை இன்னும் சுருங்கிவிடும் என்பதால், மெத்தைகளுக்கு நடுவே துணித் திரைகள்தான். மல்லாந்து படுப்பவரின் கண்ணைக் கூசாதபடி விளக்குகள் சுவரோரம் மங்கலாக எரிகின்றன. வாசனைக்கும் தனிச் செலவில்லை. ஒத்தடத்துக்காக ஆவியில் சூடாகும் மூலிகைப் பொட்டலத்திலிருந்து எழும் எலுமிச்சைப்புல் மணமே போதும்!

இதே நகரில், பெண்கள் சிறையின் பயிற்சி மையம் ஒன்றும் மசாஜுக்குப் பெயர்பெற்றது. விடுதலை நெருங்கும் பெண்கள் இங்கே தொழில் கற்று, வருபவர்களுக்கு மசாஜ் செய்கிறார்கள். சம்பாத்தியத்தில் ஒரு பங்கு, வெளியே போகும்போது கையில் கிடைக்கும். ஆனால், சிறைக்குப் போய் வந்தவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அந்தச் சிறையின் முன்னாள் பெண் இயக்குநரே, விடுதலையானவர்களுக்காக மசாஜ் கடைகளைத் தொடங்கினார். ஊரே சந்தேகமாகப் பார்க்கும் ஒருவர் முன், முன்பின் தெரியாதவர் நிம்மதியாகக் கண்ணை மூடிப் படுக்கிறார். எந்த விளக்கும் திரையும் கொடுத்துவிட முடியாத அமைதி அது.

தாய் மசாஜை 2019-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

சியாங் மாய் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். முடிந்ததும் சூடான தேநீர் வரும். அதையும் அவசரப்படாமல் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்!