அறுத்த கம்பி

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்தியவன் நான். மெயின்ஃப்ரேமைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு ராத்திரி முழுவதும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். பக்கத்தில் என்றால், தாம்பரத்தில் என் அக்கா வீட்டு மாடி அறையில். இயந்திரம் இருந்தது ஐரோப்பாவில்.

அங்குள்ள ஒரு வங்கிக்கு அக்கா மகன் ராத்திரி வேலை பார்க்கிறான். அந்த வங்கி தன் கிளை நிறுவனம் ஒன்றை விற்றுவிட்டது. விற்ற பிறகும் இரண்டு பேருடைய மெயின்ஃப்ரேம்களும் பேசிக்கொண்டிருந்தன. அந்தத் தொடர்பை எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவுக்கு மேல் நான்கு மணி நேரம் கெடு.

இப்படிப் பேசிக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் நோடு என்று பெயர். வேலைகளையும் அச்சுக்குப் போக வேண்டிய தாள்களையும் ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு சேர்க்கிற தபால்காரன் ஜெஸ்2 என்ற மென்பொருள். அது திரையில் எழுதும் செய்திகள் ஹாஸ்ப் என்ற சொல்லோடு தொடங்குகின்றன. ஹாஸ்ப் 1960களில் ஹூஸ்டனில் விண்வெளி வேலைக்காக ஐ.பி.எம். ஆட்கள் எழுதியது, ஜெஸ்2க்கு முன்னோர். அது போய் ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. அத்தான் காலமாகி மூன்று வருஷம். அவர் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது.

பையன் முதலில் கம்பியை நிறுத்தினான். பிறகு தொடர்புப் பட்டியலில் அந்த வரியை அழித்தான். வழி இல்லை என்று காட்டியது திரை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வழி மறுபடியும் இருக்கிறது!

"சரியா அழிக்கலையோ?" என்றேன்.

"அழிச்சேன் மாமா. இது வேற வழியா வருது."

நேர் வழி அடைபட்டால் சுற்று வழி தேடுவது ஜெஸ்2வின் குணம். தனக்கு யார் யாரோடு தொடர்பு என்று ஒவ்வொரு நோடும் பக்கத்து நோடுக்குச் சொல்லி வைக்கும். வேறோர் ஊரில் அதே வங்கிக்கு மூன்றாவது இயந்திரம் ஒன்று உண்டு. விற்ற நிறுவனத்தோடு அதற்கும் ஒரு கம்பி இருந்ததை எல்லோரும் மறந்திருந்தார்கள். 'என் வழியாக அனுப்பு' என்று அது சொல்லிவிட்டது. இதைக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கம்பி அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்று யாரோ நல்ல எண்ணத்தோடு செய்து வைத்தது.

ஆனால் அந்தச் சுற்று வழியில் போனவை வாடிக்கைக்காரர்களின் கணக்குத் தாள்கள். போய்ச் சேருமிடம் இப்போது அந்நியன் வீடு. பையன் முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் காத்திருந்ததையெல்லாம் முதலில் நிறுத்தி வைத்தான். அதற்குள் இரண்டு போய்விட்டிருந்தன.

மூன்றாவது ஊருக்கு டெலிபோன் செய்தான். அங்கிருந்த மனிதர் தம் பக்கத்துக் கம்பியை நிறுத்தினார். சில நிமிஷங்களில் அது தானாகவே ஒட்டிக்கொண்டது. தொடர்பு விட்டுப்போனால் தானே கூப்பிட்டுப் பார்க்கும்படி என்றோ அமைத்திருந்தார்களாம்! அதையும் எடுத்த பிறகுதான், நாலரை மணிக்கு, வழி நிஜமாகவே மறைந்தது.

பையன் அறிக்கை எழுத உட்கார்ந்தான். போய்விட்ட இரண்டையும் முதல் வரியிலேயே எழுதினான்.

"வேலைதான் முடிஞ்சுதே, அதைச் சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "யாரோ ரெண்டு பேரோட கணக்கு மாமா" என்று சொல்லிவிட்டு மேலே எழுதத் தொடங்கினான்.

கீழே அக்கா வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. நான் இறங்கிப் போனேன்.