துறை குறித்தல்

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணையும் துறையும் குறிக்கப்பட்டிருக்கும். அவை பாடியவர் குறித்தவை அல்ல, பின்வந்தோர் வகுத்தவை என்பர். ஒரு பாட்டை எந்தத் துறையில் வைப்பது என்பதில் அறிஞர்கள் முரண்பட்டதுண்டு. அதனால் எவருக்கும் பொருள் நட்டம் நேர்ந்ததில்லை. துறை மாறினால் பணமும் கைமாறும் உலகம் ஒன்று இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன்.

நியூ ஜெர்சியில் வாழும் என் பெரியம்மா மகனுக்கு 2021இல், 52ஆம் வயதில், கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை அது. தொல்லை ஏதும் இருந்து செய்ததன்று, வயதுக்குரிய முன்பரிசோதனை. நாளடைவில் புற்றாக மாறக்கூடிய பாலிப் எனும் சதைமுளைகள் மூன்றை அப்போதே அகற்றினார்கள். கட்டணம் இல்லை. 2025இல் அதே மருத்துவர், அதே சோதனை. குடல் தூய்மையாக இருந்தது. ஆனால் ஆயிரம் டாலருக்கு மேல் பில் வந்தது. "ஒன்றும் இல்லாததற்குக் காசா தம்பி? இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றார் தொலைபேசியில்.

இதை எனக்கு விளக்கியவள் பழைய மாணவி ஒருத்தி. விலங்கியல் பட்டதாரி, என்னிடம் பகுதி 1 தமிழ் பயின்றவள். இப்போது மதுரையில் மெடிக்கல் கோடிங் பணி. அமெரிக்க மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இடவேண்டும். காப்பீட்டு நிறுவனம் அவற்றைப் பார்த்தே பணம் தரும்.

"இதில் மூன்று துறை ஐயா" என்றாள். அறிகுறி இல்லாதவருக்குச் செய்வது ஸ்கிரீனிங். அதன் குறியீடு இசட்12.11. ரத்தப்போக்கு முதலிய அறிகுறிகளுக்காகச் செய்வது நோய் கண்டறியும் சோதனை. முன்பு பாலிப் அகற்றப்பட்டவருக்கு இடைவெளி விட்டுச் செய்வது கண்காணிப்பு. அதில் இசட்86 வரிசையில் பழைய வரலாறும் ஏறும். கட்டணமின்றிச் செய்யுமாறு 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது ஸ்கிரீனிங்கைத்தான். அதன்போதே பாலிப்பை அகற்றினாலும் அது ஸ்கிரீனிங்காகவே நிற்கும். கண்காணிப்புக்கோ பல காப்பீடுகள் நோயாளியிடம் பங்குத்தொகை கேட்கின்றன.

2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்படி, குடல் தூய்மையாக இருப்பவர் பத்தாண்டு கழித்து வந்தால் போதும். அடினோமா வகைச் சிறு பாலிப்கள் மூன்றோ நான்கோ இருந்தவர் 3 முதல் 5 ஆண்டுக்குள் வரவேண்டும். அடிக்கடி வரவேண்டியவர் எவரோ, அவர் தலையில்தான் செலவும் விழுகிறது. இறந்தகாலத்துக்கு இத்தனை விலை இருக்குமென்று எந்த இலக்கணமும் எனக்குச் சொன்னதில்லை.

குறியீட்டை மாற்ற இயலாதா என்று கேட்டேன். "மருத்துவர் எழுதாததை நாங்கள் எழுதக்கூடாது ஐயா. ஐயமிருந்தால் அவரிடமே கேட்கலாம். பணத்துக்காக மாற்றினால் மோசடி." அண்ணனிடம், பில்லை எதிர்த்து முறையீடு செய்யுங்கள், சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன்.

நம்மூர் நிலை வேறு. சோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்வது நம் காப்பீடுகளில் பொதுவான விலக்கு. அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் முன்பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கே, பெருங்குடலுக்கு இல்லை. ஆகவே நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஒரே துறை: ரத்தத்தைக் கண்டபின் ஓடுவது. அதையும் மூலம் என்று சொல்லித் தள்ளிப்போடுவது.

மேலூர்ப் பக்கம் உழவு செய்யும் அவள் தந்தையும் ஓராண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஊரார் குடல்களுக்கெல்லாம் குறியீடு இடுபவள், பிடிவாதமாக அவரை அழைத்துப்போனாள். இரண்டு பாலிப் எடுத்தார்கள். இரண்டிலும் புற்று இல்லை. "செலவு முழுவதும் கையிலிருந்துதான் ஐயா. எந்தக் குறியீடும் எழுதவில்லை. அடுத்து வரவேண்டிய ஆண்டை மட்டும் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன்" என்றாள்.