மாடிசனில் படிக்கும் மகன்

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் உழவரின் மகன் அமெரிக்காவில் கணிப்பொறித் தகவல் அமைப்பியல் பயின்று வருகிறான். அதன்பொருட்டுத் தந்தை நிலத்தை அடமானம் வைத்துக் கடன் பெற்றிருக்கிறார். "மகன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்போரிடம் "டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகம்" என்பார், "அப்படி ஒன்று உண்டா?" என்பதே பெரும்பாலும் மறுமொழி. "சுவாமி, பேரில்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டேனோ?" என்று என்னிடம் வந்து கலங்கினார். அவரைப் போன்ற பெற்றோர் பலர் உளராதலின், அவருக்குக் கூறியதை இங்கும் எழுதுகிறேன்.

அப்பல்கலைக்கழகம் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில், மாடிசன் என்னும் சிற்றூரில் உள்ளது. அரசுக்குச் சொந்தமானது. 1881-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தோன்றியது. நூறாண்டு கழிந்தபின், 1984-இல், மாநிலச் சட்டமன்றம் அதன் நோக்கத்தையே மாற்றிற்று. கணிப்பொறியும் தகவல் அமைப்புகளும் அதன் சிறப்புத் துறையாக வேண்டும். ஏனைய பாடங்களிலும் அவை ஊடுருவ வேண்டும் என்று வகுத்தது. மேசைக் கணிப்பொறி அலுவலகங்களில் அப்போதுதான் நுழையத் தொடங்கியிருந்தது. பெரிய நிறுவனங்கள் தயங்கும் மாற்றத்தைச் சிறியதொன்று துணிந்து ஏற்றது.

இப்பாடம் கற்பிப்பது யாது? ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ ஒரு செய்தி எங்கே பிறக்கிறது, யார் கையில் மாறுகிறது, எங்கே தங்குகிறது என ஆராய்ந்து, அதற்கேற்ற ஒழுங்கை அமைக்கும் கலையையே கற்பிக்கிறது. ஆதலால் நிரல் எழுதுவதோடு கணக்கியலும் நிர்வாகமும் உடன் பயிலப்படுகின்றன. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான அடையாளத்தால் அவற்றை இணைக்கும் முறையை வெளியிட்டார். இத்துறையின் அடித்தளங்களுள் அதுவும் ஒன்று.

பங்குக் குருவுக்கு இது அந்நியமான செய்தியன்று. ஒருவருடைய திருமணத்தைத் திருமணப் பதிவேட்டில் எழுதினால் மட்டும் போதாது; அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். இரண்டு ஏடுகளும் ஒத்திருந்தால்தான் சான்றிதழ் செல்லும். தலையெழுத்து ஒன்று இரு ஏடுகளில் வேறுபட்டிருந்ததால், குடும்ப ஓய்வூதியத்துக்காக ஈராண்டு நடையாய் நடந்த ஒரு விதவைத் தாயை நான் அறிவேன். அந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தடுக்கத் தெரிந்தவனைத்தான் இக்கல்வி உருவாக்க முயல்கிறது.

இதனால் கடன் குறைந்துவிடாது. வேலை உறுதி என்று வாக்களிக்க எவராலும் இயலாது. அயல்நாட்டில் தங்கிப் பணிபுரிய அனுமதியும் வேண்டும். இவற்றை அத்தந்தையிடம் மறைக்கவில்லை. ஆயினும், பெற்றோரே, மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, ஊரார் வியக்கும் பெயரை அவனிடம் தேடாதீர்கள். "இந்த வாரம் என்ன கற்றாய்? அது யாருடைய அலைச்சலைக் குறைக்கும்?" என்று கேளுங்கள். தெளிவாக விடை சொல்வானாயின், அடமானம் வைத்த நிலம் வீண்போகவில்லை என்று நம்பலாம்.