மேல் முப்பத்தைந்து

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ளும் அமெரிக்க மாணவர் கழகங்கள் நமக்கு எப்போதும் சற்று வேடிக்கையாகவே பட்டு வந்திருக்கின்றன. அந்த எண்ணத்தைச் சிறிது அசைத்தது பை காமா மியூ. சமூக அறிவியல் பயில்வோருக்கான மதிப்புக் கழகம் அது. 1924இல் கான்சஸ் மாநிலத்து வின்ஃபீல்டில், சவுத்வெஸ்டர்ன் என்னும் சிறு கல்லூரியின் டீன் லிராய் ஆலன், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் வில்லியம் ஹாமில்டனுடன் சேர்ந்து தொடங்கியது. ஃபை பீட்டா கப்பா 1776இல் பிறந்ததும் அந்த வில்லியம் அண்ட் மேரியில்தான். மூத்த பெருமையோடு சிற்றூர்க் கல்லூரி ஒன்று சரிசமமாய் அமர்ந்தது நமக்குப் பிடித்திருந்தது. நாமும் சிறு கல்லூரிக்காரர்கள்தாமே.

கழகத்தின் இலட்சியங்கள் ஏழு. புலமையில் தொடங்கும் அந்த வரிசை தோழமை, சமூகத் தொண்டு எனச் சென்று தியாகத்தில் முடிகிறது. உறுப்பினராகவோ, பி தரச் சராசரியும் வகுப்பின் மேல் 35 விழுக்காட்டில் இடமும் வேண்டும். புலமையை அப்படி அளந்துவிடலாம். தியாகத்தை?

ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலில் கோடு கிழிக்கும் வேலை நமக்கும் உண்டு. ஒருமுறை கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவள், மாலையில் துணிக்கடையில் வேலை பார்த்துத் தம்பிக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்த பெண். அது தெரிந்தே நம் பேனா அவள் பெயருக்கு மேலே நின்றது. விதிப்படி கோடு சரியான இடத்தில்தான் இருந்தது. பரிசளிப்பு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், நம்மைக் கண்டதும் "வணக்கம் ஐயா" என்றாள்.