தீயும் கடலும் கூடும் கரை

பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவில், கிலாவேயா எரிமலைக்குத் தென்கிழக்கே கலபனா என்னும் சிற்றூர் இருந்தது. மொலக்காய்த் தொழுநோயாளரின் தந்தையான புனித தமியான் 1864-இல் குருப்பட்டம் பெற்றதும் முதன்முதல் பணியாற்றிய பூனாப் பகுதியைச் சேர்ந்தது அவ்வூர்.

1983-இல் தொடங்கிய மலையின் சீற்றம் 1990-இல் கலபனாவை விழுங்கியது. ஏறத்தாழ 1100 பாகை வெப்பமுள்ள தீக்குழம்பு கடலில் வீழ்ந்ததும் நீர் ஆவியாய்ச் சீறி எழும். குழம்போ நொடியில் உறைந்து, கண்ணாடிச் சில்லுகளாய்ச் சிதறி, கருமணலாகக் கரையில் குவியும். கண்ணைக் கவரும் அவ்வெண்புகை நஞ்சாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் அதில் கலந்துள்ளன. புதிதாய்த் தோன்றிய தரையும் திடீரெனக் கடலுள் சரியும். 2018 ஜூலையில் இதே பூனாக் கரையில் நேர்ந்த வெடிப்பில், படகில் காணச் சென்றோர் 23 பேர் காயமுற்றனர்.

கலபனாவில் 'கடலின் விண்மீன்' என்னும் மாதா கோவில் இருந்தது. பெல்ஜிய நாட்டுக் குருவான எவரிஸ்ட் கீலன் அடிகளார் இரவுகளில் விளக்கொளியில் தம் கையாலேயே சித்திரம் தீட்டிய மரக்கோவில் அது. தீக்குழம்பு நெருங்கவே, அதனை அப்படியே பெயர்த்து ஊர்தியில் ஏற்றிக் காத்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளையோ காக்க இயலவில்லை. புகழ்பெற்ற கருமணற் கரையும் பாறையின் கீழ்ப் புதையுண்டது.

பின்னர், குளிர்ந்த அப்பாறை இடுக்குகளில் ஊரார் தென்னங்கன்றுகளை நட்டனர். மண்ணே இல்லாத இடத்தில் கன்று நடுவதும் நம்பிக்கை என்னும் புண்ணியமன்றோ?