வெனிஸ் நகரத்துப் பாட்டனார்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. தப்பித் தவறி ஒரே ஒரு சரித்திரக் கதை எழுதிவிட்டால் போதும்; ஊரில் உள்ள செல்லரித்த பத்திரங்களும், செப்புக் காசுகளும், பரம்பரைப் பெருமைகளும் அவன் வீட்டு வாசலைத் தேடிக்கொண்டு வந்துவிடும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தான். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் நாலு பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறான். இராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்காமலே வந்திருக்கிறான் என்பதைக் கண்கள் சொல்லின.

"சார், எங்க முன்னோர் ஒருத்தர் இத்தாலிக்காரர். அவரைப் பத்தி நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றான்.

விஷயம் இதுதான். பரங்கிமலையில் இருக்கும் அவனுடைய ஆயா, தங்கள் குடும்பம் மனூச்சி வைத்தியர் வழியில் வந்தது என்று அவனுடைய சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை அறையில் பேச்சோடு பேச்சாக இவன் சொல்லப்போக, ஒரு தரகர் காதில் விழுந்துவிட்டது. மூதாதை இத்தாலியர் என்று நிரூபித்தால் அந்த நாட்டுக் குடியுரிமையே கிடைத்துவிடும், மூன்று லட்சம் ஆகும் என்று அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். இருபதாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. பாக்கிக்கு ஆயாவின் வீட்டை அடகு வைப்பதாக உத்தேசம்.

மனூச்சி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு உள்ளூரச் சபலம் தட்டிவிட்டது. நிக்கொலாவ் மனூச்சியைப்போல ஒரு கதாநாயகனை நான் கற்பனை செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

வெனிஸ் நகரத்துப் பிள்ளை. உலகம் பார்க்கும் ஆசையில், பதினாலு வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் கப்பலில் ஏறி ஒளிந்துகொண்டான். பெல்லமாண்ட் பிரபு என்ற ஆங்கிலேயர் இரக்கப்பட்டுத் தம்மிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார். துருக்கி, பாரசீகம் எல்லாம் கடந்து 1656-ல் சூரத்தில் வந்து இறங்கினார்கள். அதே வருஷம் டில்லிக்குப் போகும் வழியில் பிரபு கண்ணை மூடிவிட்டார். அந்நிய தேசத்தில், மீசை அரும்பும் வயதில், தன்னந்தனியாக நின்ற பையனைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. ஒரகடத்து அறையில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளும் ஏறக்குறைய அந்த வயதுக்காரர்கள்தாமே!

பையன் சாமர்த்தியசாலி. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில், மாதம் 80 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தான். தாரா தோற்று, 1659-ல் கொல்லப்பட்ட பிறகு ஔரங்கசீப்பிடம் வேலை பார்க்க மனம் ஒப்பவில்லை. ராஜா ஜெய்சிங்கிடம் சிறிது காலம். பிறகு வைத்தியத் தொழில். முறையாக எந்தக் கலாசாலையிலும் படித்ததாகத் தெரியவில்லை; கைராசி இருந்திருக்கிறது, வாய்ச் சாதுரியம் அதைவிட அதிகமாக இருந்திருக்கிறது. மொகலாய அங்கி அணிந்து நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய சித்திரம் பாரிஸ் நூலகத்தில் இருக்கிறது.

கடைசியில் சென்னைப் பட்டணம். 1686-ல் தாமஸ் கிளார்க் என்பவரின் விதவை எலிசபெத்தை மணந்துகொண்டார். அந்த அம்மாளுக்கு அப்பா ஆங்கிலேயர், அம்மா போர்த்துக்கீசியர். கோட்டைக்கு வடக்கே தோட்ட வீடு, பரங்கிமலையில் இன்னொரு வீடு. நவாப் தாவூத் கான் பட்டணத்தை மிரட்டிய நாட்களில் கவர்னர் தாமஸ் பிட் இவரைத் தூது அனுப்பினார். ஆர்க்காட்டுப் பாதை ஸ்ரீபெரும்புதூரை ஒட்டித்தானே போகிறது. ராமாநுஜர் பிறந்த ஊரின் புளிய மர நிழலில் வெனிஸ்காரர் பல்லக்கை இறக்கி இளைப்பாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகத்துக்கு வரி கிடையாது.

மொகலாய ராஜ்யத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலைப் பாரிஸுக்கு அனுப்ப, கத்ரூ என்ற பாதிரியார் அதை வெட்டி ஒட்டித் தம் பெயரில் 1705-ல் வெளியிட்டுவிட்டார். கொதித்துப்போன மனூச்சி இன்னொரு பிரதியை வெனிஸ் சபைக்கு அனுப்பினார். எழுத்தாளனின் இந்த வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. வில்லியம் இர்வின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1907, 1908 வருஷங்களில் நாலு பாகங்களாகக் கொண்டுவந்தார்.

அந்த இர்வினிடம்தான் நான் முட்டிக்கொண்டேன். மனூச்சிக்கும் எலிசபெத்துக்கும் பிறந்தது ஒரே ஆண் குழந்தை. அது பச்சைக் குழந்தையாகவே இறந்துபோய்விட்டது.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குழந்தை பிழைத்திருந்தாலும் தரகரின் கணக்கு தேறாது. மனூச்சி காலத்தில் இத்தாலி என்று ஒரு ராஜ்யமே இல்லை. அது உருவானது 1861-ல். அந்தத் தேதிக்கு முன்பே மாண்டவர் எவரும் இத்தாலியக் குடிமகன் ஆகமாட்டார். போதாக்குறைக்கு, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டிக்கு மேல் போய் உரிமை கேட்க முடியாதபடி 2025-ல் சட்டத்தையும் இறுக்கிவிட்டார்கள்.

பையனிடம் டெலிபோனில் சொன்னேன். அந்தப் பக்கம் வெகு நேரம் மௌனம்.

"பாக்கிப் பணம் கொடுக்கலை சார். ஆனா ஆயாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே வந்து சொல்லிடுங்க."

மறு ஞாயிறு பரங்கிமலைக்குப் போனேன். அவன் ஒரகடத்திலிருந்து படப்பை, தாம்பரம் வழியாகப் பஸ் மாறி வந்து தெருமுனையில் காத்திருந்தான். சின்ன ஓட்டு வீடு. மாதா படத்துக்குக் கீழே, பட்டுத் துணியால் மூடி ஒரு கல்வம். மனூச்சி வைத்தியர் மருந்து அரைத்த கல்வமாம். நம் நாட்டு வைத்தியர்கள் வீட்டில் நான் பார்த்திருக்கும் கல்வங்களுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லவும் இல்லை.

குழந்தை இறந்த விஷயத்தை மட்டும் மெல்லச் சொன்னேன். கிழவி ஒரு பதற்றமும் காட்டவில்லை.

"அப்படின்னு எழுதி வெச்சிருக்காங்களா?"

"ஆமாம்மா."

"கண்ணாலம் கட்டினவளுக்குப் பொறந்ததைத்தான் தம்பி எழுதி வெப்பாங்க. நாப்பது அம்பது வயசு வரைக்கும் ஊர் ஊரா ஒண்டியாத் திரிஞ்ச ஆம்பிளை, மத்ததையெல்லாமா எழுதுவான்?"

பேரன் தலையைக் குனிந்துகொண்டான். என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அது தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"சரி ஆயா, எப்படி இருந்தாலும் அந்த ஊருக்குப் போக முடியாது, வீட்டை அடகு வைக்கலை" என்றான் அவன்.

"வீட்டை வைக்கப் போறேன்னு எப்படா சொன்னே?" என்று அவள் நிமிர்ந்தாள். அதற்கப்புறம் அந்தச் சின்ன வீட்டில் நடந்த சம்பாஷணையை இங்கே எழுதுவது மரியாதை அல்ல. நான் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் புழுதி குடித்ததில் இருமல் வந்தது. சிறிது நேரத்தில் உள்ளே கல்வத்தில் எதையோ அரைக்கும் ஓசை கேட்டது. அந்தப் பிள்ளை ஒரு வெற்றிலையில் சுக்கும் தேனும் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

"ஆயா சாப்பிடச் சொல்லிச்சு, சார்."

வாங்கி நக்கினேன். நல்ல காரம்.