கியர் பாக்ஸை இறக்கும் முன்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள்; ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளைத் தாண்டித்தான் வண்டிகள் போகின்றன. அங்கே கிளட்ச் சரியாக விடாமல், கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். இவ்வளவு முக்கியமான கிளட்சில் கோளாறு என்றதும், பட்டறைக்கு வரும் ஓட்டுநர் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகிறார்: பிளேட் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கி மாற்ற வேண்டும். ஏற்றத்தில் அரை கிளட்சிலேயே நிறுத்தி நகர்த்தும் எஸ்டேட் வண்டிகளில் பிளேட் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். ஆனால் தேய்ந்த பிளேட் வழுக்கும். எஞ்சின் அலறும், வண்டி ஏறாது, கருகல் வாடை வரும். பெடல் தரைவரை போய், நாலைந்து முறை அடித்து மிதித்தால் கெட்டிப்பட்டு, ரிவர்ஸ் கரகரவென்று அரைத்தால், அது வேறு நோய். முதலில் பார்க்க வேண்டியது பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ஆயில் குழாயை, குறிப்பாக அதன் இணைப்புகளை.

மலைப் பட்டறைகளில் நான் மதிக்கும் திறமை இந்தக் கசிவுத் தேடல்தான். மழைக்காலத்தில் வண்டியின் அடிப்புறம் முழுக்க ஈரம். எது மழைநீர், எது கிளட்ச் குழாயில் ஓடும் பிரேக் ஆயில் என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஆயில் வழவழக்கும், பட்ட இடத்தில் பெயிண்டை உரிக்கும். நல்ல மெக்கானிக் இணைப்புகளைத் துடைத்துக் காயவிட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, எது மீண்டும் நனைகிறது என்று பார்க்கிறார். கசிந்தால் இறுக்கிவிடலாமே என்பார்கள். வாய் விரித்த இரும்புக் குழாயில் கசிவைத் தடுப்பது அந்த வாய் போய் உட்காரும் இடம். மரை வெறுமனே அழுத்தம் தருகிறது. ஆகவே மரையில் டேப் சுற்றுவது வீண், மிஞ்சி இறுக்கினால் வாய் வெடிக்கும். செம்பு வாஷர் வைத்த இணைப்பில், ஒருமுறை நசுங்கிய வாஷரை மாற்றியாக வேண்டும்.

ஏர் எடுத்து ஆயில் ஊற்றினால் போதும் என்பது இன்னொரு வாதம். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. காற்றை வெளியேற்றியதும் பெடல் நிமிரத்தான் செய்யும். கசிவு அடைபடாவிட்டால் ஆயில் மறுபடி இறங்கும், காற்றும் திரும்பும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா என்பதால் இதில் அலட்சியம் கூடாது. ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கும் கார்களில் தேடல் பலிக்காமல் போகலாம், இறக்கத்தான் வேண்டும். அங்கும் வெளிக்குழாயைப் பார்த்துவிட்டு இறக்குவதில் நஷ்டம் இல்லை. சிக்கல் கூலியில்தான்: பிளேட் மாற்றிய பில்லை முனகாமல் கட்டுபவர், ஒரு வாஷரை மாற்றியதற்கு மெக்கானிக் கேட்கும் தொகையில் பேரம் பேசுகிறார். வாஷரின் விலை அவருக்குத் தெரியும், ஈரமான அடிப்புறத்தில் கழிந்த அரைமணி நேரம் பில்லில் தெரிவதில்லை. அந்த அரைமணிக்குத் தனி வரி எழுதாத பட்டறை, அடுத்த வண்டிக்கு நேராக கியர் பாக்ஸை இறக்கினால் ஆச்சரியப்பட ஏதுமில்லை.